விதையா, கீரையா?

பிழைப்பின் பொருட்டுத் தமிழகம் விட்டு வந்து வேற்று மாநில நகரங்களில் வாழும் நம் குடும்பங்களில், அண்மைக் காலமாக ஒரு வினா அடிக்கடி எழக் காண்கிறோம். "சத்துக்கு எது சிறந்தது? விதைகளா, கீரைகளா?" என்பதே அவ்வினா. மளிகைக் கடைகளில் ஆளிவிதை, பூசணி விதை, சூரியகாந்தி விதை, சியா விதை என்று பளபளக்கும் பொட்டலங்கள் வந்து நிறைந்துவிட்டன. ஒவ்வொரு பொட்டலத்தின் முதுகிலும் எண்கள் வரிசையாக அச்சிடப்பட்டுள்ளன. கீரைக்கட்டின் மீதோ எந்த எண்ணும் இல்லை. சிறிது மண்ணும் ஈரமுமே உண்டு. ஆதலின், எண்ணைக் கண்டு மயங்கும் இக்காலத்தில், விதை உயர்ந்தது என்றும் கீரை தாழ்ந்தது என்றும் பலர் எண்ணத் தலைப்பட்டுள்ளனர். இவ்வெண்ணம் சரிதானா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இது வெறும் சொற்போர் அன்று. நம் இல்லத்துப் பெண்டிரின் உடல்நலமும், மாதச் சம்பளத்தில் காலந்தள்ளும் குடும்பங்களின் பணமும் இவ்வினாவில் அடங்கியுள்ளன. 2019 முதல் 2021 வரை நடத்தப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்திய நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேர் இரத்தச் சோகை உடையவர்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளிலோ நூற்றுக்கு 67 பேர். நாடு முழுவதற்குமான இக்கணக்கில் நம் வீடுகளும் அடங்கியுள்ளன என்பதை மறத்தலாகாது.

நம் குடியிருப்பில் நாம் அறிந்த குடும்பம் ஒன்று உண்டு. அவ்வீட்டுப் பன்னிரண்டு வயதுப் பெண், மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கி நின்றாள். இரத்தத்தைச் சோதித்ததில் ஹீமோகுளோபின் 9 கிராம் என்று தெரிந்தது; அவ்வயதில் அது 12க்குக் குறையலாகாது. மருத்துவர் இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்து, உணவையும் கவனிக்குமாறு சொன்னார். தாயும் கவலை மிகுந்து, விலையுயர்ந்த விதைப்பொடி டப்பா ஒன்றை வாங்கி, நாள்தோறும் காலைத் தேநீருடன் ஒரு கரண்டி கொடுத்து வந்தார். கீரையோ அவ்வீட்டு அடுப்பில் ஏறி மாதங்கள் பல ஆகியிருந்தன. அத்தாயின் அன்பில் குறை ஒன்றும் இல்லை, கணக்கில்தான் குறை. அக்குறை யாது என்பதை மேலே காண்போம்.

எண்கள் வந்த வழி

உணவுப் பொருள்களின் சத்தை அளந்து பட்டியலிடும் பணி நம் நாட்டில் தொடங்கிய இடம் நீலகிரிக் குன்னூர் என்பது தமிழராகிய நமக்கு மகிழ்ச்சி தருவது. 1918ஆம் ஆண்டில் இராபர்ட் மக்கரிசன் என்னும் மருத்துவர், குன்னூர்ப் பாஸ்டர் நிலையத்தில் ஒரே ஓர் அறையில் பெரிபெரி நோயைப் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து உணவு ஆராய்ச்சி நிலையமாயிற்று. 1937ஆம் ஆண்டில் அந்நிலையத்தின் தலைவராயிருந்த அய்க்ராய்ட் என்பார் இந்திய உணவுகளின் சத்துப் பட்டியலை ஒரு சிறு நூலாக வெளியிட்டார். 1958இல் அந்நிலையம் ஐதராபாத்திற்கு மாற்றப்பட்டு, 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்னும் பெயர் பெற்றது. சேலத்தில் பிறந்த மருத்துவர் கோபாலன் அதன் தலைவராக விளங்கியவர். அவரும் உடன் ஆய்ந்தோரும் விரிவாக்கிய பட்டியல் 1971இல் வெளிவந்தது. 2017இல் 528 உணவுப் பொருள்களைப் புதிதாகச் சோதித்து அந்நிறுவனம் மற்றொரு பட்டியலை வெளியிட்டது.

பழைய பட்டியலுக்கும் புதியதற்கும் எண்களில் சிறிது வேறுபாடு உண்டு. மண்ணுக்கும் இரகத்துக்கும் பருவத்துக்கும் ஏற்ப ஒரே கீரையின் சத்தும் மாறுவது இயல்பே. ஆதலின் இக்கட்டுரையில் எண்களை ஏறத்தாழவே கூறுகிறோம்.

விதை வேறு, இலை வேறு

விதை என்பது யாது? பிறக்கப் போகும் ஒரு செடிக்குத் தாய்ச்செடி கட்டிக் கொடுக்கும் கட்டுச்சோறே விதை. வேர் ஊன்றி, இலை விட்டு, தானே உணவு சமைத்துக்கொள்ளும் நாள் வரையில் அச்சிறு உயிருக்கு வேண்டிய மாவுப்பொருள், எண்ணெய், புரதம், தாதுக்கள் எல்லாம் அதனுள் நெருக்கி அடைத்து வைக்கப்பட்டுள்ளன. கெடாமல் நெடுநாள் இருத்தற்பொருட்டு நீர் மிகவும் குறைக்கப்பட்டுள்ளது.

இலையோ கட்டுச்சோறு அன்று, அது சமையற்கூடம். கதிரவன் ஒளியைக் கொண்டு காற்றையும் நீரையும் உணவாக்கும் வேலை ஓயாது நடக்கும் இடம் அது. அவ்வேலைக்கு வேண்டிய பொருள்களே இலையில் மிகுதி. வைட்டமின் ஏ ஆக மாறும் கரோட்டின், வைட்டமின் சி, வைட்டமின் கே, ஃபோலிக் அமிலம், சுண்ணாம்புச் சத்து ஆகியவை அவை. சேமிப்பு அங்கு இல்லை. எண்ணெய் மிகச் சிறிது. நீர் மட்டும் நிரம்ப உண்டு.

இவ்விரண்டின் இயல்பையும் அறிந்தால், ஒன்றுக்குப் பதில் மற்றொன்று ஆகாது என்பது தானே விளங்கும். கட்டுச்சோறு இருக்கிறது என்று சமையற்கூடத்தை மூடுவாரும் இல்லை. சமையற்கூடம் இருக்கிறது என்று வழிப்பயணத்துக்குக் கட்டுச்சோறு வேண்டாம் என்பாரும் இல்லை.

வெந்தயம் கற்பிக்கும் பாடம்

இவ்வாராய்ச்சிக்கு வெந்தயத்தினும் ஏற்ற பொருள் இல்லை. விதையையும் இலையையும் ஒருங்கே தரும் செடி அது. விதை நம் அஞ்சறைப்பெட்டியில் என்றும் இருப்பது. இலையோ வட மாநிலங்களில் குளிர்காலம் முழுவதும் மேத்தி என்னும் பெயரால் வண்டி வண்டியாக வந்து குவிவது.

100 கிராம் வெந்தயத்தில் புரதம் ஏறத்தாழ 26 கிராம்; 100 கிராம் வெந்தயக்கீரையில் 4 கிராம் மட்டுமே. இதைக் கண்டவுடன், விதை ஆறு மடங்கு உயர்ந்தது என்று தீர்ப்புக் கூறிவிடுவர் சிலர். பொட்டலத்தின் முதுகில் அச்சிட்ட எண்கள் நம்மை ஏமாற்றும் இடம் இதுதான்.

இரயில்வேச் சரக்குப் பகுதியில் எழுத்து வேலை பார்ப்போர்க்கு முதலில் கற்பிக்கப்படும் பாடம் ஒன்று உண்டு. எடைமேடையில் சரக்கு வண்டியை நிறுத்திக் கண்ட எடை முழுவதும் சரக்கின் எடை அன்று. வெற்று வண்டியின் எடையைக் கழித்த பிறகே சரக்கு எவ்வளவு என்பது தெரியவரும். கீரைக்கும் இவ்விதி பொருந்தும். 100 கிராம் வெந்தயக்கீரையில் ஏறத்தாழ 86 கிராம் நீர். எஞ்சிய சரக்கு 14 கிராமே. அந்தப் 14இல் 4 கிராம் புரதம் என்றால், நூற்றுக்கு ஏறத்தாழ 29 பங்கு ஆகிறது. விதையில் நீர் ஏறத்தாழ 10 கிராம்; எஞ்சிய 90இல் 26 கிராம் புரதம் என்றால் நூற்றுக்கு 29 பங்கு. ஆகவே, நீரைக் கழித்துப் பார்த்தால் இலையும் விதையும் புரதத்தில் ஏறத்தாழ ஒன்றே! ஆறு மடங்கு என்று தோன்றியதெல்லாம் நீரின் எடையே.

தட்டின் கணக்கு

இதனால் கீரையே வென்றது என்று கொள்ளுதலும் தவறு. ஏனெனில் நாம் நீரைக் கழித்து உலர்ந்த இலையை உண்பதில்லை. 100 கிராம் வெந்தயத்தையும் யாரும் ஒருநாளில் உண்பதில்லை. உண்மையான அளவுகோல் நம் தட்டில் விழும் அளவே.

ஒருவர்க்கு ஒருவேளைக்கு ஆய்ந்த கீரை 100 கிராம் என்று கொள்வோம். வெந்தபின் அது ஒரு சிறு கிண்ணம் ஆகும்; உண்பதற்கு எளிது. வெந்தயமோ ஒரு தேக்கரண்டி, ஏறத்தாழ 5 கிராம். இனி ஒப்பிடுக. கீரையில் புரதம் 4 கிராம்; விதையில் ஒன்றேகால் கிராம். கீரையில் சுண்ணாம்புச் சத்து 300 மில்லிகிராம் அளவில். விதையில் ஏறத்தாழ 8 மில்லிகிராமே. சமைக்குமுன் கீரையில் வைட்டமின் சி 50 மில்லிகிராமுக்குமேல்; விதையில் இல்லை என்றே சொல்லலாம். தட்டின் கணக்கில் வெந்தயக்கீரை வெந்தயத்தை எளிதில் வெல்கிறது.

ஆயினும் எல்லா விதைகளும் தாளிதப் பொருள்கள் அல்ல. ஒரு கைப்பிடி வேர்க்கடலை, அதாவது 30 கிராம் உண்டால், 7 கிராம் புரதமும் 150 கலோரிக்கு மேற்பட்ட ஆற்றலும் கிடைக்கும். எந்தக் கீரையும் அவ்வளவு ஆற்றலைத் தராது. 100 கிராம் கீரை பெரும்பாலும் 50 கலோரியைத் தாண்டுவதில்லை. வளரும் பிள்ளைக்கும், உடலுழைப்பாளிக்கும், மெலிந்தவர்க்கும் வேர்க்கடலையும் எள்ளும் பயறும் இன்றியமையாதவை. கீரையை மட்டும் உண்டு வலிமை பெறுவோம் என்பது நடவாத காரியம்.

அப்படியானால் நம் வீடுகளில் குறைவது எது? சற்றே நம் தட்டை உற்று நோக்குவோம். அரிசி ஒரு விதை. கோதுமை ஒரு விதை. இட்லியில் உள்ள உளுந்து விதை. சாம்பாரில் உள்ள துவரை விதை. தாளித்த கடுகு விதை. சட்டினியில் அரைத்த தேங்காயும் விதையே. சமைத்த நல்லெண்ணெயும் கடலெண்ணெயும் விதையினின்று பிழிந்தவையே. காலை முதல் இரவு வரை நாம் உண்பதில் பெரும்பங்கு விதையாகவே இருக்கின்றது. அத்தட்டின் மேல் இன்னும் ஒரு கரண்டி விதைப்பொடியைத் தூவுவதால் என்ன புதுமை விளையும்? இல்லாத பொருள் இலையே. முதலில் வாங்க வேண்டியது கீரைக்கட்டு. பொட்டலம் அதன் பிறகே.

பூட்டும் திறவுகோலும்

இனி அந்தப் பன்னிரண்டு வயதுப் பெண்ணின் விஷயத்துக்கு வருவோம். கீரை என்றாலே இரும்புச் சத்து என்பது நம் மக்களிடையே வேரூன்றிய நம்பிக்கை. உண்மையில் கீரைகள் பலவற்றில் 100 கிராமுக்கு 1 முதல் 7 மில்லிகிராம் வரையே இரும்பு உள்ளது. பழைய பட்டியல்கள் சில கீரைகளுக்கு இதனினும் மிகப் பெரிய எண்களைக் காட்டின. பின்னர்ச் செய்த சோதனைகளில் அவை குறைந்தன. விதைகளிலோ, கொள்ளில் 100 கிராமுக்கு 7 மில்லிகிராம் அளவிலும், எள்ளில் அதற்கு மேலும் இரும்பு உண்டு. 2020இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வகுத்த அளவின்படி, வளர்ந்த பெண்ணுக்கு நாள் ஒன்றுக்கு 29 மில்லிகிராமும் ஆணுக்கு 19 மில்லிகிராமும் இரும்பு வேண்டும். எண்ணை மட்டும் பார்த்தால் விதையே கைகொடுக்கும் என்று தோன்றும்.

ஆனால் விதையின் இரும்பு பூட்டிய பெட்டியில் உள்ளது. விதை தன் பாஸ்பரஸைப் பைட்டிக் அமிலம் என்னும் பொருளாகச் சேமித்து வைக்கிறது. அவ்வமிலம் இரும்பையும் துத்தநாகத்தையும் சுண்ணாம்பையும் பற்றிக்கொண்டு, நம் குடல் அவற்றை ஈர்க்காதவாறு தடுக்கிறது. தேநீரிலும் காப்பியிலும் உள்ள துவர்ப்புப் பொருள்களும் இத்தடையை மிகுவிக்கின்றன. விதைப்பொடியைத் தேநீருடன் கொடுத்தால், பூட்டின்மேல் பூட்டுப் போட்டதாயிற்று. அத்தாயின் கணக்கில் நேர்ந்த குறை இதுவே.

இப்பூட்டுக்குத் திறவுகோல் வைட்டமின் சி. உணவுடன் அது சேர்ந்து சென்றால் செடிப்பொருள்களின் இரும்பைக் குடல் நன்கு ஏற்றுக்கொள்ளும். எலுமிச்சை, நெல்லி, கொய்யா, புதிய கொத்துமல்லித்தழை ஆகியவற்றில் அது மிகுதி. கீரையிலும் உண்டு, எனினும் சமைக்கும்போது பெரும்பகுதி அழிந்துவிடும். ஆகவே கீரையை இறக்கிய பின் எலுமிச்சைச் சாறு பிழிவது நல்ல பழக்கம். துவாதசியன்று அகத்திக்கீரையுடன் நெல்லிக்காயையும் சேர்த்து உண்ணும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அதில் உணவு நூலின் உண்மையும் அடங்கியிருப்பதை நாம் இப்போது உணர்கிறோம்.

இரத்தச் சோகைக்கு இரும்புக் குறைவு மட்டுமே காரணம் அன்று. 1928ஆம் ஆண்டில் லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவப் பெண்மணி பம்பாய்க்கு வந்து, கருவுற்ற ஏழைப் பெண்களை, சிறப்பாக ஆலைத் தொழிலாளர்களை, வாட்டிய ஒருவகைச் சோகையை ஆராய்ந்தார். குன்னூரிலும் சென்னையிலும் அவர் ஆராய்ச்சி தொடர்ந்தது. ஈஸ்ட்டின் சாரம் அந்நோயைத் தீர்ப்பதை அவர் 1931இல் வெளியிட்டார். அச்சாரத்தில் இருந்த பொருள் பின்னர் ஃபோலிக் அமிலம் என்று அறியப்பட்டது. 1941இல் கீரையினின்று அதனைப் பிரித்தெடுத்தோர், இலை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து அதற்குப் பெயரிட்டனர். இச்சத்து பயறுகளிலும் கடலையிலும் உண்டு. இலையும் பயறும் சேர்ந்த உணவு சோகையை எதிர்க்கும் நல்ல கூட்டணி என்பது இதனால் பெறப்படும்.

இலைக்கும் பூட்டு உண்டு. பாலக், தண்டுக்கீரை முதலியவற்றில் ஆக்சாலிக் அமிலம் மிகுதி. அது சுண்ணாம்பைப் பற்றிக்கொள்ளும். பாலக்கின் சுண்ணாம்பில் இருபதில் ஒரு பங்கே உடலில் சேர்வதாகச் சோதனைகள் காட்டியுள்ளன. வெந்தயக்கீரையிலும் கடுகுக்கீரையிலும் அவ்வமிலம் குறைவு. ஆதலின் சுண்ணாம்பின் பொருட்டு இவை மேலானவை. இலையின் கரோட்டினுக்கும் ஒரு துணை வேண்டும், அதுவே கொழுப்பு. எண்ணெய் சிறிதும் இன்றி வேகவைத்த கீரையின் கரோட்டின் உடலில் நன்கு சேராது. ஒரு தேக்கரண்டி எண்ணெயோ, தூவிய தேங்காய்த் துருவலோ, வேர்க்கடலைப் பொடியோ, எள்ளுப்பொடியோ இருந்தால் போதும்.

இங்கே ஒரு நயம் காண்க. விதையின் இரும்பைத் திறப்பது தழையின் வைட்டமின். இலையின் கரோட்டினைச் சேர்ப்பது விதையின் எண்ணெய். இரண்டும் எதிரிகள் அல்ல, ஒன்றுக்கொன்று துணை. முருங்கைக்கீரைப் பொரியலில் வேர்க்கடலைப் பொடி தூவுவதும், கீரையைப் பருப்புடன் கடைவதும் நம்மவர் கண்ட முறை. மராட்டியர் சேம்பிலையைக் கடலைப்பருப்பும் வேர்க்கடலையும் இட்டுச் சமைப்பதும், பஞ்சாபியர் கடுகுக்கீரையில் வெண்ணெய் இட்டுச் சோள ரொட்டியுடன் உண்பதும் இதே அறிவின் வேறு வடிவங்களே.

விதையே இலையாகும் நிலை

விதைக்கும் இலைக்கும் நடுவே ஒரு நிலை உண்டு, அதுவே முளை. நீரில் ஊறி முளைவிடும்போது விதை தன் பூட்டைத் தானே திறக்கத் தொடங்குகிறது. பைட்டிக் அமிலம் குறைகிறது. உலர்ந்த விதையில் இல்லாத வைட்டமின் சி புதிதாகப் பிறக்கிறது. முதல் உலகப் போரின்போது மெசபடோமியாவில் இருந்த இந்தியப் படைவீரர்கள் பலர், புதிய காய்கறி கிடைக்காமல் ஸ்கர்வி நோயால் வருந்தினர். அக்காலத்தில் இலண்டன் லிஸ்டர் நிலையத்தில் பணிபுரிந்த ஹாரியட் சிக் என்பாரும் அவருடன் ஆய்ந்த டெல்ஃப் என்பாரும், முளைவிட்ட விதைகளுக்கு அந்நோயைத் தடுக்கும் ஆற்றல் உண்டு என்பதைச் சோதித்து 1919இல் வெளியிட்டனர். கீரை கிடைக்காத கோடை நாள்களில் முளைகட்டிய பச்சைப்பயறு நம் வீடுகளுக்குக் கைகொடுக்கும். ஊறவைத்தலும், இட்லி மாவைப் போலப் புளிக்கவைத்தலும் கூட அமிலத்தைக் குறைப்பனவே.

புதிதாய் வந்த விதைகள்

பொட்டல விதைகளை முற்றும் பழித்தல் நம் கருத்தன்று. ஆளிவிதையில் ஒமேகா-3 வகைக் கொழுப்பு மிகுதி. பூசணி விதையில் துத்தநாகமும் மக்னீசியமும் உண்டு. சூரியகாந்தி விதையில் வைட்டமின் ஈ உண்டு. ஆனால் ஆளிவிதை நம் நாட்டுக்குப் புதியதன்று. இந்தியில் அல்சி, மராட்டியில் ஜவஸ், வங்காளியில் திசி என்று வழங்கும் அதனை உள்ளூர்க் கடையில் சில்லறையாக வாங்கலாம். முழுதாக விழுங்கினால் பெரும்பகுதி செரியாமலே வெளியேறும். வறுத்துப் பொடித்தே உண்ணல் வேண்டும். மராட்டியர் அதனை மிளகாயும் பூண்டும் சேர்த்துச் சட்டினிப் பொடியாக்குவர். நம் இட்லி மிளகாய்ப்பொடிக்கு அது நல்ல இணை. பூசணி விதையையும், குழம்புக்கு வாங்கும் காயிலிருந்தே எடுத்து, கழுவி உலர்த்தி வறுத்துக்கொள்ளலாம்.

சியா விதை மெக்சிகோ நாட்டுப் பக்கம் தோன்றியது. இப்போது கருநாடகத்திலும் பயிராகிறது. அதனை நம் சப்ஜா விதை என்று மயங்குவோர் பலர். சப்ஜா திருநீற்றுப்பச்சிலையின் விதை. இரண்டும் நீரில் ஊறினால் வழுவழுப்பாக உப்பும் என்பதே ஒற்றுமை. எதுவாயினும் ஊறவைத்தே உண்க. உலர்ந்தபடி விழுங்கினால் தொண்டையில் உப்பி அடைத்துக்கொள்ளக்கூடும்.

எள்ளைப் பற்றி ஒரு சொல். தோலுடன் கூடிய எள்ளில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 1000 மில்லிகிராமும் அதற்கு மேலும் சுண்ணாம்பு உண்டு. தோல் நீக்கிய வெள்ளை எள்ளில் அதில் பெரும்பகுதி போய்விடுகிறது. நீத்தார் கடனோடு தொடர்புபடுத்தி எள்ளை அன்றாடச் சமையலில் ஒதுக்கும் வீடுகள் நம்மிடையே உள்ளன. மராட்டியரோ சங்கராந்தியன்று எள்ளுருண்டை கொடுத்து இனிய சொல் பேசுமாறு வாழ்த்துகின்றனர். கயை நகரத்துத் தில்குட் பீகார் முழுதும் பெயர் பெற்றது. அவர்களிடையே வாழும் நாம் அந்நல்ல வழக்கத்தை ஏற்பதில் தடை இருத்தலாகாது.

நம்மைத் தடுப்பவை இரண்டு

வேற்று மாநிலத்தில் நம் வீடுகளில் கீரை குறைந்ததற்கு இரண்டு காரணங்கள் காண்கிறோம். முதலாவது, பெயர் தெரியாமை. முளைக்கீரை, அரைக்கீரை என்று கேட்டு, கடைக்காரர் விழிக்க, வெறுங்கையுடன் திரும்புவோர் பலர். அவர் கடையிலேயே நம் கீரை வேறு பெயரில் கிடக்கிறது. முளைக்கீரை, தண்டுக்கீரை இனத்தை இந்தியில் சௌலாய் என்றும், மராட்டியில் மாட் என்றும், வங்காளியில் நோட்டே சாக் என்றும் கேட்க. சக்கரவர்த்திக் கீரையே வட இந்தியரின் பத்துவா, மராட்டியில் சாக்வத். புளிச்சகீரை மராட்டியில் அம்பாடி. பருப்புக்கீரை இந்தியில் குல்ஃபா. கொடிப்பசலை வங்காளியில் புஈ சாக். வள்ளைக்கீரை கல்மி சாக். முருங்கை இந்தியில் சஹஜன், மராட்டியில் ஷேவ்கா, வங்காளியில் சஜ்னே. வங்காளிகள் காளி பூசைக்கு முதல்நாள் பதினான்கு வகைக் கீரை சமைத்து உண்ணும் மரபுடையவர். அத்தகைய அண்டை வீட்டாரிடம் கேட்டறிதல் நமக்கு இழிவன்று, நட்பும் வளரும்.

இரண்டாவது, இரவில் கீரை ஆகாது என்னும் வழக்கம். மங்கிய விளக்கொளியில் பூச்சி தெரியாது என்றும், செரிப்பதற்கு நேரமாகும் என்றும் பெரியோர் காரணம் கூறுவர். அக்காலத்தில் நண்பகல் உணவே பேருணவு; வீட்டார் யாவரும் பகலில் வீட்டில் இருந்தனர். இன்று நம் குடும்பங்களில் கணவர் ஒரு வேளை மாற்றுப்பணியில், மனைவி மற்றோர் அலுவலகத்தில், பிள்ளைகள் பள்ளியில். விடியலில் கட்டும் டப்பாவில் எலுமிச்சைச் சோறோ தயிர்ச்சோறோ போகும். எல்லோரும் சேர்ந்து உண்பது இரவு ஒருவேளையே. அவ்வேளையிலும் கீரை விலக்கு என்றால், ஞாயிறு தவிரக் கீரைக்கு நாள் இல்லை. வட இந்தியர் குளிர்கால இரவுகளில் கீரையும் ரொட்டியும் உண்டு நலமாகவே உள்ளனர். நல்ல விளக்கொளியில் ஆய்ந்து, சற்று முன்னிரவில் உண்டால் கெடுதல் ஒன்றும் இல்லை. வழக்கம் வாழ்வுக்காக ஏற்பட்டது. வாழ்வு மாறியபின் வழக்கமும் மாறுதல் முறையே.

வீட்டில் செய்யத் தக்கன

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், 2000 கலோரி உணவுக்கு, கீரை உட்படக் காய்கறி 400 கிராமும், பருப்பு வகை 85 கிராமும், கொட்டையும் எண்ணெய் வித்தும் 35 கிராமும் கூறப்பட்டுள்ளன. விதைக்கும் இலைக்கும் அதில் தனித்தனி இடம் உண்டு. நாள்தோறும் இயலாவிடினும் வாரத்தில் நான்கு நாளேனும் கீரை சமைப்போம். முதல்நாள் மாலையே ஆய்ந்து, கழுவாமல், ஈரம் போகத் துணியில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைக்கலாம். சமைக்குமுன் இரண்டு மூன்று முறை நிறைய நீரில் அலசுக; அலசிய பின்னரே நறுக்குக. சிறிது நீரில் மூடி வேகவைத்து, அந்நீரைக் கொட்டாமல் பயன்படுத்துக. நிறம் மாறாதிருக்கச் சோடா உப்பு இடுதல் வேண்டா. அது வைட்டமின்களை அழிக்கும். உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரம் விடுக.

சில எச்சரிக்கைகளும் உண்டு. சிறுநீரகக் கல் உடையோர் பாலக், தண்டுக்கீரை முதலியவற்றைப் பற்றி மருத்துவரைக் கேட்டுக்கொள்க. இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் மருந்து உண்போர் கீரையின் அளவைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது. பூஞ்சணம் பிடித்த வேர்க்கடலையை இரக்கமின்றி எறிந்துவிடுக. சிறு குழந்தைகளுக்குக் கடலை வகைகளைப் பொடித்தே கொடுக்க. விதையிலும் இலையிலும் இல்லாத சத்து வைட்டமின் பி12. அதற்குப் பாலும் தயிரும், உண்போர்க்கு முட்டையும் மீனும் வேண்டும். சோகை உற்றபின் உணவு மட்டும் போதாது. மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்தலாகாது. பள்ளியில் வாரம் ஒருமுறை வளரும் பிள்ளைகளுக்கு நீல நிற இரும்பு மாத்திரை தந்தால், அதனை மறுக்காமல் உண்ணச் சொல்லுதல் பெற்றோர் கடமை.

விதையா, கீரையா என்னும் வினாவுக்கு இனி விடை எளிது. ஆற்றலுக்கும் புரதத்துக்கும் விதை, வைட்டமின்களுக்கு இலை. நம் தட்டில் விதை முன்னமே நிரம்பியிருக்கிறது, இலையே குறைகிறது. ஆதலின் அடுத்த முறை கடைக்குச் செல்லும் அன்பர்கள், பொட்டலத்தை எடுக்குமுன் கீரைக்கடையில் சற்று நின்று, அன்று வந்த கட்டு எது என்று அவ்வூர் மொழியிலேயே கேட்டு வாங்கி வருவார்களாக. வீட்டில் எள்ளோ கடலையோ வறுத்துப் பொடித்து வைத்திருந்தால், அன்றைய இரவு உணவு நிறைவுறும்.